ரிப்பல்ஸ், 1/700: பெட்டியில் கப்பல் இருக்கிறது, கேப்டன் இல்லை

ஜூன் பள்ளி விடுமுறையில் பேரனைக் கைப்பேசியிலிருந்து கொஞ்சம் பிரித்து எடுக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். பையன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான், வரலாற்றுப் பாடத்தில் அப்போதுதான் சிங்கப்பூர் வீழ்ந்த கதை ஓடிக்கொண்டிருந்தது. நான் இருப்பது செம்பவாங்கில். என் அப்பா வேலை பார்த்தது இங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில். சரி, இரண்டையும் சேர்த்து ஒரு காரியம் செய்வோம் என்று, 1941-இல் இந்தத் தளத்திலிருந்து கிளம்பிப் போய் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரிப்பல்ஸின் பிளாஸ்டிக் மாதிரியை வாங்கினோம். ஒட்டி, வண்ணம் தீட்டி முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கிய கதை. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 29 வெள்ளிக்குக் கிடைத்தது. வந்து சேர்ந்தபோது பெட்டியின் ஒரு மூலை உள்ளே அமுங்கியிருந்தது, திறந்தால் பின்பக்கக் கொடிமரம் இரண்டு துண்டு, கப்பலின் உடல் வாழைப்பழம் மாதிரி லேசாக வளைந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். பெட்டியைத் திறந்த பிறகு திருப்ப முடியாது என்று பதில். திறக்காமல் உள்ளே உடைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அப்புறம் நகரத்துப் பழைய கடைத்தொகுதி ஒன்றில் இரண்டாவது மாடிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சட்டத்தையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, உடலை மேசைக் கண்ணாடி மேல் வைத்து ஆடுகிறதா என்றுகூடப் பார்த்துத்தான் கொடுத்தார். 36 வெள்ளி. அந்த ஏழு வெள்ளி வித்தியாசம் கொடுக்கத் தகும், இந்தப் பொருளை நேரில் பார்த்து வாங்குங்கள்.

செய்தது ஜப்பான் நிறுவனம். எங்கள் ஊர் தளத்திலிருந்து கிளம்பிய கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன, அதே கப்பலை ஜப்பான்காரர்கள் இத்தனை அக்கறையாக அச்சு வார்த்து நம் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது இது என்னை ஒரு நிமிடம் நிறுத்தியது. வேலைப்பாட்டைப் பொறுத்தவரை குறையே சொல்ல முடியாது. ஓரங்களில் பிசிறு இல்லை, பாகங்கள் ஒன்றோடொன்று 'டக்'கென்று உட்காருகின்றன. அசல் கப்பல் ஏறக்குறைய 242 மீட்டர், அதை 700-ஆல் வகுத்தால் 34 செ.மீ.க்குச் சற்று மேல். பெரிய பீரங்கிக் குழாய் ஒவ்வொன்றும் சுண்டுவிரலின் முதல் கணு அளவு. மொத்தம் ஆறு குழாய்கள், 15 அங்குலக் குண்டு சுட்டவை. முன்னால் இரண்டு மேடை, பின்னால் ஒன்று. ஒரு மனிதனை இந்த அளவில் செய்தால் இரண்டரை மில்லிமீட்டர்கூட வரமாட்டான், ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அதனால் பெட்டியில் ஆட்கள் கிடையாது.

பாகங்களைப் பரப்பிவைத்ததும் பையன் கேட்ட முதல் கேள்வி:

"தாத்தா, கீழ்ப்பாதி எங்க? கப்பல் பாதியில வெட்டின மாதிரி இருக்கே."

இந்த வகை மாதிரிகள் அப்படித்தான். தண்ணீர்க்கோட்டுக்கு மேலே இருப்பது மட்டும்தான் உண்டு, அடியில் ஒரு தட்டையான சிவப்புத் தகடு. மேசை மேல் வைத்தால் கப்பல் கடலில் மிதப்பதுபோல இருக்க வேண்டும் என்பதற்காக. அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிப்பல்ஸைக் கொன்ற அடி எல்லாம் விழுந்தது அந்த இல்லாத பாதியில். டார்பிடோ தண்ணீருக்குள் வந்து தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே இடிப்பது. இதைப் பையனிடம் சொன்னபோது அவன் அந்தச் சிவப்புத் தகட்டை எடுத்து அடியில் தடவிப் பார்த்தான். அதற்கப்புறம் அவனுக்குக் கைப்பேசி ஞாபகம் வரவில்லை.

வேலையைப் பற்றி நடைமுறையாகச் சொல்கிறேன். பெட்டியில் பசை வராது, வண்ணம் வராது, கருவிகள் வராது. சட்டத்திலிருந்து பாகத்தை நறுக்க ஒரு நல்ல கட்டர் வேண்டும், நகவெட்டியை வைத்து ஒப்பேற்றாதீர்கள், மெல்லிய கொடிமரம் அந்த இடத்தில்தான் ஒடியும். மெல்லிய உப்புத்தாள், கூர்முனைச் சாமணம், நீர்போல ஓடும் பசை, இரண்டு பிரஷ், சாம்பல் நிறத்தில் இரண்டு, மரத்தளத்துக்கு மங்கிய மரநிறம் ஒன்று. இவையெல்லாம் சேர்த்து மேலும் 40 வெள்ளி ஆயிற்று. ஒருமுறை வாங்கினால் அடுத்த கப்பலுக்கும் வரும். எனக்கு அறுபத்திரண்டு வயது, மூக்குக்கண்ணாடி போட்டும் சின்னத் துப்பாக்கிப் பாகங்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை, அவற்றைப் பையன்தான் ஒட்டினான். பூதக்கண்ணாடியோடு கூடிய மேசைவிளக்கு இருந்தால் நல்லது. வண்ணத்தை ஒட்டும் முன்பே அடித்துவிடுங்கள். மரத்தளத்தில் மேல்கட்டுமானம் எல்லாம் ஏறிய பிறகு உள்ளே பிரஷ் போகாது. நாங்கள் இரண்டாம் நாள் இந்தத் தப்பைச் செய்தோம், புகைக்கூண்டு இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது.

நான்காம் நாள், கப்பலின் முன்கோபுரம். அடுக்கடுக்காக ஏழெட்டுத் துண்டுகள், உச்சிக்குக் கீழே பெருவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு மேடை, சுற்றிலும் இடுப்புயரச் சுவர். கேப்டன் நிற்கும் இடம் அது. விளக்கத்தாளில் கப்பலைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது: எடை, நீளம், வேகம், 1941 டிசம்பர் 10-இல் மலாயாக் கடலில் மூழ்கியது, முடிந்தது. அந்த மேடையில் நின்றவர் பெயர் இல்லை. என் குறை இது ஒன்றுதான். இந்தக் கப்பலின் கடைசி ஒன்றேகால் மணி நேரம் முழுக்க முழுக்க அந்த ஆளின் கையில் இருந்தது. அதனால் தாளில் இல்லாததை நான் சொல்கிறேன்.

வில்லியம் டெனன்ட். 1890-இல் வூஸ்டர்ஷயரில், செவர்ன் ஆற்றங்கரையில் அப்டன் என்ற ஊரில் பிறந்தவர். பதினைந்து வயதில், 1905-இல், கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவர் தேர்ந்தெடுத்த துறை வழிகாட்டல். எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், திரும்பினால் கப்பல் எவ்வளவு தூரம் வழுக்கிப் போகும் என்ற கணக்கெல்லாம் அந்தத் துறை. முதல் உலகப்போரில் வடகடலில் ஓடினார். 1916 ஆகஸ்ட் 19-இல் அவர் இருந்த நாட்டிங்ஹாம் என்ற குரூசர் வகைப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ அடித்து மூழ்கடித்தது, பிழைத்தார். அதே மாதம்தான் ரிப்பல்ஸ் புதிதாகக் கடற்படையில் சேர்ந்தது. இருபதுகளில் அவர் ரிப்பல்ஸிலேயே வழிகாட்டி அதிகாரியாகவும் இருந்திருக்கிறார். டார்பிடோ பட்டால் கப்பலுக்குள் என்ன நடக்கும் என்று இருபத்தாறு வயதிலேயே பார்த்தவர் அவர், இந்தக் கப்பல் எப்படித் திரும்பும் என்பதும் அவருக்குத் தெரியும்.

1940 மே மாதம் டன்கர்க். பிரெஞ்சுக் கடற்கரையில் ஜெர்மானியர்கள் சுற்றி வளைத்துவிட்ட பிரிட்டிஷ் படையைக் கடல் வழியாக மீட்க வேண்டும். கரையில் நின்று அதை நடத்த அனுப்பப்பட்டவர் டெனன்ட். மே 27-ஆம் தேதி உல்ஃப்ஹவுண்ட் என்ற நாசகாரியில் (சிறிய, வேகமான போர்க்கப்பல் வகை), எட்டு அதிகாரிகள், 160 பேரோடு போய் இறங்கினார். துறைமுகம் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்தது. கடற்கரை ஆழமில்லாதது, பெரிய கப்பல் அண்ட முடியாது, ஆட்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சின்னப் படகுக்குக் காத்திருக்கிறார்கள். அவர் பார்வை துறைமுகத்தின் கிழக்கு அலைதடுப்பில் விழுந்தது. கடலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒடுக்கமான மேடை அது, அலையைத் தடுக்கக் கட்டியது, கப்பல் வந்து ஒட்டி நிற்க அல்ல. ஒரு கப்பலை வரவழைத்து அதை ஒட்டி நிறுத்திப் பார்த்தார். நிற்க முடிந்தது. மீட்கப்பட்ட 3,38,226 பேரில் ஏறக்குறைய இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் மணல் கரையிலிருந்து அல்ல, துறைமுகத்திலிருந்து, பெரும்பாலும் அந்த அலைதடுப்பின் வழியாகத்தான் கப்பல் ஏறினார்கள். டன்கர்க் என்றால் எல்லோருக்கும் சின்னப் படகுகள்தான் ஞாபகம் வரும், அந்த மேடையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தான்தான் கரைப் பொறுப்பாளர் என்று படைவீரர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை எழுத்துகளாக வெட்டி அவருடைய இரும்புத் தொப்பியில் ஒட்டினார்களாம். ஜூன் 2 இரவு கடைசியாக ஒருமுறை ஒலிபெருக்கிக் குழலோடு யாராவது பிரிட்டிஷ் வீரன் விடுபட்டிருக்கிறானா என்று கூவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். 'டன்கர்க் ஜோ' என்று மாலுமிகள் வைத்த பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த சில வாரங்களில் ரிப்பல்ஸின் கேப்டன்.

இனி நம் ஊர். 1941 டிசம்பர் 2-ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் போர்க்கப்பலும் ரிப்பல்ஸும் ஜோகூர் நீரிணை வழியாக வந்து செம்பவாங் தளத்தில் சேர்ந்தன. அங்கே இருந்தது 1938 பிப்ரவரியில் திறந்துவைத்த உலர்துறை, அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம், ஆயிரம் அடி நீளம், ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரில். அப்பா அதை 'கேஜி சிக்ஸ்' என்றுதான் சொல்வார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போருக்குப் பிறகு வந்தவர், அதனால் இந்தக் கப்பல்களைப் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய ஆட்கள் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் சொன்னதைத்தான் அவர் எங்களுக்குச் சொல்வார். அப்போது பத்திரிகைகளில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பெயர் மட்டும் பெரிதாக வந்தது, ரிப்பல்ஸின் பெயரை ரகசியம் என்று விட்டுவிட்டார்கள், அதன் மாலுமிகளுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. இன்றைக்கும் கடையில் போய்க் கேட்டுப்பாருங்கள், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் பெட்டி சுலபமாகக் கிடைக்கும், ரிப்பல்ஸைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

டிசம்பர் 8 விடியற்காலையில் சிங்கப்பூரில் முதல் குண்டு விழுந்தது. அன்று மாலையே தளபதி டாம் பிலிப்ஸ் இரண்டு கப்பலையும் நான்கு நாசகாரிகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினார், தாய்லாந்திலும் மலாயாவின் கிளந்தானிலும் இறங்கும் ஜப்பானியப் படைகளைத் தாக்க. கூடவே வந்திருக்க வேண்டிய விமானந்தாங்கிக் கப்பல் நவம்பரில் ஜமைக்கா பக்கம் தரைதட்டிப் பழுதாகிவிட்டது. தலைக்குமேல் சொந்த விமானம் ஒன்றுகூட இல்லை. 9-ஆம் தேதி தங்களை ஜப்பானியர்கள் கண்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் பிலிப்ஸ் திரும்பினார். அப்புறம் மலாயாவின் கிழக்குக் கரையில் குவாந்தானில் படை இறங்குகிறது என்று ஒரு செய்தி, பொய்ச் செய்தி. அதைப் பார்க்கப் போன இடத்தில் 10-ஆம் தேதி காலை பதினொன்றுக்கு மேல் விமானங்கள் வந்தன.

இங்கேதான் இந்த மாதிரிக் கப்பல் தன் விலைக்கு மேல் வேலை செய்தது. எங்கள் சாப்பாட்டு மேசை ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1/700 கணக்கில் அது ஆயிரம் மீட்டர். விமானம் மேசையின் அந்த முனையில் டார்பிடோவைப் போடுகிறது என்று வைத்துக்கொண்டோம். ஜப்பானிய விமான டார்பிடோவின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 78 கிலோமீட்டர், மேசை மேல் கணக்கிட்டால் நொடிக்கு மூன்று செ.மீ. கப்பலின் வேகம் நொடிக்கு இரண்டு செ.மீ. ஒரு பற்குச்சியை நான் நொடிக்கு மூன்று செ.மீ. நகர்த்திக்கொண்டு வர, பையன் கப்பலைத் திருப்ப வேண்டும். நாற்பத்தைந்து நொடி. அவ்வளவுதான் நேரம்.

முதலில் அவன் கப்பலை ஓடவிட்டுத் தப்பிக்கப் பார்த்தான், குச்சி நடுவயிற்றில் இடித்தது. பிறகு அவனே கண்டுபிடித்தான், ஓடக் கூடாது, மூக்கைக் குச்சி வரும் பக்கத்துக்கே திருப்ப வேண்டும். அப்போது கப்பலின் அகலம் மட்டும்தான் எதிரில் இருக்கும், நான்கு செ.மீ., குச்சி பக்கவாட்டில் உரசாமல் போய்விடும். டெனன்ட் செய்ததும் அதுவே. 1916-இல் கட்டிய பழைய கப்பல், முப்பதாயிரம் டன்னுக்கு மேல் எடை, அதை வைத்துக்கொண்டு இடமும் வலமும் திருப்பித் திருப்பி 19 டார்பிடோக்களிலிருந்து தப்பினார். மேலிருந்து விழும் குண்டுகள் வேறு. "பத்தொன்பதா?" என்று பையன் கேட்டான். நாங்கள் ஐந்தாவதிலேயே தோற்றுப் போயிருந்தோம்.

அப்புறம் மகளையும் கூப்பிட்டு மேசையின் மறுபக்கம் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குச்சி விட்டோம். ஒருபக்கக் குச்சிக்கு மூக்கைக் காட்டினால் மறுபக்கக் குச்சிக்கு முழு உடலும் காட்டியாக வேண்டும், எந்தக் கேப்டனாலும் முடியாது. பன்னிரண்டரைக்குச் சற்று முன்னால் ஜப்பானியர்கள் செய்தது இதைத்தான். ஒன்று நடுவில் பட்டது, இன்னொன்று சுக்கான் அசையாமல் சிக்கிக்கொள்ளச் செய்தது, திரும்ப முடியாத கப்பல் மேல் மேலும் சில. 12:33-க்கு ரிப்பல்ஸ் கவிழ்ந்து மூழ்கியது. முதல் டார்பிடோ பட்டதிலிருந்து பத்து நிமிடம்போலத்தான்.

இந்தப் பத்து நிமிடத்தில் அவர் எடுத்த ஒரு முடிவுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தெரிகிறது. கப்பல் பிழைக்காது என்று தெரிந்தவுடன், இன்னும் சாய்ந்துகொண்டிருக்கும்போதே, ஒலிபெருக்கியில் எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச் சொல்லிவிட்டார். கீழே இயந்திர அறைகளில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு சில நிமிடம்தான் உயிர். 1,309 பேரில் 513 பேர் இறந்தார்கள், 796 பேர் பிழைத்தார்கள். இவ்வளவு வேகமாகக் கவிழ்ந்த கப்பலில் பாதிக்கு மேல் பிழைத்தது சாதாரணமில்லை. நாட்டிங்ஹாமில் அவர் பார்த்தது அந்த நேரத்தில் மனதில் வந்திருக்குமா என்று நான் நினைத்துக்கொள்வேன். அவரும் கப்பலோடு தண்ணீருக்குள் போய், மேலே வந்து, யாரோ மிதவை மேல் இழுத்துப்போட்டுப் பிழைத்தார். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஒன்று இருபதுக்கு மூழ்கியது, அதில் இறந்தவர்கள் 327 பேர். பிலிப்ஸும் அதன் கேப்டன் லீச்சும் அதோடு இறந்துபோனார்கள்.

விமான உதவி கேட்டு சிங்கப்பூருக்குச் செய்தி அனுப்பியதும் டெனன்ட்தான். தாக்குதல் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியும் தளபதி பிலிப்ஸ் இருந்த கொடிக்கப்பலான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸிலிருந்து செய்தி எதுவும் போகவில்லை என்று தெரிந்து, பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், தாமாகவே வானொலியைத் திறந்தார். செம்பவாங் விமானத்தளத்திலிருந்து ஆஸ்திரேலியப் படைப்பிரிவின் பஃபலோ விமானங்கள் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மூழ்கிக்கொண்டிருந்தது. அந்த விமானத்தளம் இன்றும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, ஹெலிகாப்டர் சத்தம் தினமும் கேட்கும். அந்த முக்கால் மணி நேரத்துக்காக பிலிப்ஸை மட்டம் தட்டுகிறவர்கள் நிறைய. நான் அப்படிச் செய்ய மாட்டேன். வானொலியைத் திறந்தால் இடம் தெரிந்துவிடும் என்ற பயிற்சியில் வளர்ந்த மனிதர், விமானத்தால் ஓடும் போர்க்கப்பலை நடுக்கடலில் மூழ்கடிக்க முடியும் என்று அதுவரை எந்தக் கடற்படையும் கண்டதில்லை. ஆனால் டெனன்ட் சரியான நேரத்தில் பயிற்சியை மீறினார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. 1944-இல் நார்மண்டிப் படையெடுப்புக்காகத் துறைமுகத்தையே துண்டு துண்டாகக் கட்டி ஆங்கிலக் கால்வாய்க்குக் குறுக்கே இழுத்துப்போன வேலை, மல்பெரி துறைமுகங்கள், கடற்படைப் பக்கம் அவர் பொறுப்பில் இருந்தது. டன்கர்க்கில் துறைமுகம் இல்லாமல் பட்ட பாடு தெரிந்தவர், நான்கு வருடம் கழித்து அதே கடலில் துறைமுகத்தைக் கூடவே கொண்டுபோனார். 1949-இல் அட்மிரலாக ஓய்வு, 1963-இல் சொந்த மாவட்டத்தில் மறைவு.

கப்பல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பையன் கேட்டுக்கொண்டதால், கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனோம். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், நல்ல வெயில், குடை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், இந்தியப் படைவீரர்களின் பெயர்கள் வரிசை வரிசையாக. பையன் ரிப்பல்ஸ் ஆட்களைத் தேடினான். அரை மணி நேரம் தேடியும் இல்லை. அங்கிருந்த பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது, அந்தச் சுவர் கல்லறை இல்லாத தரைப்படை, விமானப்படையினருக்கானது. கடலில் போன மாலுமிகளின் பெயர்கள் இங்கிலாந்தில், அவரவர் கடற்படைத் துறைமுகத்து நினைவிடங்களில் இருக்கின்றன. செம்பவாங்கிலிருந்து கிளம்பியவர்களின் பெயர் செம்பவாங்கிலிருந்து அரை மணி தூரத்தில் இல்லை. பையன் ஒன்றும் சொல்லவில்லை, பேருந்தில் வரும்போது "அப்ப அவங்க எங்க இருக்காங்க தாத்தா?" என்று மட்டும் கேட்டான்.

குவாந்தானுக்கு அப்பால் கடலடியில். ரிப்பல்ஸ் கிடப்பது ஏறக்குறைய 55 மீட்டர் ஆழத்தில். வீட்டுக்கு வந்து அதையும் 700-ஆல் வகுத்தோம், எட்டு செ.மீ. எங்கள் கப்பலின் நீளம் 34 செ.மீ. அதாவது கப்பலைச் செங்குத்தாக நிறுத்தினால் முக்கால் பாகம் தண்ணீருக்கு வெளியே நிற்கும். அவ்வளவு ஆழமில்லாத கடல். ஆழம் குறைவு என்பதால்தான் திருடர்களுக்கும் எட்டுகிறது. பழைய இரும்புக்காகக் கப்பல்களைப் பிய்த்தெடுக்கிறார்கள், 2023 மே மாதம் ஜோகூர் பக்கம் மலேசியக் கடல்சார் அமலாக்கத்தினர் பிடித்த ஒரு கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகளே இருந்தன. ரிப்பல்ஸும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் சேர்ந்து எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் கல்லறை. இரும்புக்கு விலை உண்டு என்பதற்காகக் கல்லறையைத் தோண்டுவது எந்த ஊரிலும் நியாயம் ஆகாது.

சரி, பொருளுக்கு வருகிறேன். ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது விளக்கத்தாளுக்காக. பாகங்களின் எண்கள் மிகச் சின்ன எழுத்தில் இருக்கின்றன, 14-ஆம் படியில் படத்தைப் பார்த்து இடப்பக்கமா வலப்பக்கமா என்று புரிந்துகொள்வதற்குள் ஒரு படகைத் தப்பாக ஒட்டி மறுபடி கழற்றினோம். வண்ணத் திட்டுகளுக்கு ஒரு பக்கப் படம்தான் தெளிவாக இருக்கிறது, அசல் கப்பலின் மறுபக்கப் புகைப்படத்தை நீங்களே தேடி வைத்துக்கொள்ளுங்கள். கொடிகள் காகிதத்தில் வருகின்றன, தடவிய பசை கொஞ்சம் கூடினால் கிழிந்துவிடும், ஆனால் இரண்டு செட் தருகிறார்கள். முதல் முறை ஒட்டுபவர்கள் இதில் தொடங்காமல் ஒரு சின்ன நாசகாரியில் கை பழகிவிட்டு வாருங்கள். பத்து வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் கூடவே உட்கார வேண்டும். அடியில் வைக்கும் இரும்புத் துண்டை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் கப்பல் மின்விசிறிக் காற்றுக்கே நகர்கிறது.

இப்போது ரிப்பல்ஸ் எங்கள் வரவேற்பறை அலமாரியில், அப்பாவின் பழைய கப்பல்துறை அட்டைக்குப் பக்கத்தில். கேப்டன் மேடையில் பையன் ஒரு சின்ன ஊசிமுனைப் புள்ளி வைத்திருக்கிறான், வெள்ளை நிறத்தில். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், எங்கள் இருவருக்கும் தெரியும்.

அடுத்து வாம்பயர் வேண்டும் என்கிறான். டெனன்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிய ஆஸ்திரேலிய நாசகாரி அது, நான்கே மாதத்தில், 1942 ஏப்ரல் 9-இல், மட்டக்களப்புக் கடலில் அதுவும் ஜப்பானிய விமானங்களுக்கு இரையானது. அதே 1/700 அளவில் அந்தப் பெட்டி சிங்கப்பூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேக்கா, சிராங்கூன் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது, டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் வாங்கிவிடுகிறோம்.